ஐஸ்காரர் கட்டிய பொட்டலம்

என் வீட்டுக்காரர் கை எந்நேரமும் ஜில்லென்று இருக்கும். சித்திரை வெயிலில் ராயபுரமே கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் வேலை முடிந்து வந்து, நான் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கையில் பின்னால் நின்று கழுத்தில் கையை வைப்பார். நான் துள்ளுவேன். திட்டுவேன். அப்புறம் அந்தக் கையை எடுக்க விடமாட்டேன். கல்யாணமான புதிதில் எங்களுக்கு இருந்த பெரிய சுகம் அதுதான். பங்கா எல்லாம் துரைமார் வீட்டில் சுற்றியது; எங்கள் ஓட்டு வீட்டில் அவர் கைதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் படிக்கிறவர்களுக்கு ஏற்றபடி நேராக்கிப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் மாமியார் பேசியதை மட்டும் நேராக்காதே, அந்த அம்மா கனவில் வந்து உன்னைக் கேட்பாள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அவருக்குக் காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. ஆள் உயரத் தகர அச்சுகளில் தண்ணீர் ஊற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி விடுவார்கள். ஒரு நாள் கழித்து எடுத்தால் பாளமாக நிற்கும். அதைக் கொக்கி போட்டு இழுத்து, மரத்தூளில் புரட்டி, கோணியில் சுற்றி, கைவண்டியில் ஏற்ற வேண்டும். உள்ளே அமோனியாவோ என்னவோ, ஒரு நாற்றம் அடிக்கும், கண்ணில் நீர் வந்துவிடும். நான் ஒரே ஒரு தடவை சோறு கொண்டுபோய், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். அதோடு சரி. ஆனால் அவருக்கு அந்த வேலையில் ரொம்பப் பெருமை. மரத்தூள் எவ்வளவு, கோணி எத்தனை சுற்று, எங்கே உப்புத் தூவினால் குளிர் இன்னும் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. துறைமுகத்துக் கப்பலுக்குப் போகிற ஐஸை அவர்தான் கட்ட வேண்டும் என்று மேஸ்திரி கேட்பாராம்.

மாமியார் மீன் கூடைக்காரி. விடியற்காலை கரைக்குப் போய் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் தலையில் சுமந்து விற்பாள். கம்பெனியில் உடைந்துபோன ஐஸ் சில்லை மகன் கொண்டுவந்து கொடுப்பார்; அதைக் கூடையில் போட்டுக்கொண்டு போவாள். வெயில் ஏறியும் அவள் மீன் மட்டும் கண் முழித்துக்கொண்டு கிடக்கும். ஆகையால் எங்கள் வீட்டில் எது கெடக்கூடாது என்றாலும் ஐஸ்தான். ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மல்லிகைப்பூவை இவர் ஐஸில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்து, தெருவே மெச்சிக்கொண்டது. இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. தங்கவில்லை என்றுகூடச் சொல்லக் கூடாது, வரவே இல்லை. சப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியதே, அதற்கு முந்தி எங்களுக்குக் கல்யாணம். ஓடினவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். வரும்போது பாதிப் பேர் வயிற்றோடு வந்தார்கள். நானும் போய்த்தான் வந்தேன், சும்மா வந்தேன்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் அழுகை வந்தது. அப்புறம் அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. மாதா மாதம் எதிர்பார்ப்பது ஒரு வேலை, அது ஏமாற்றுவது இன்னொரு வேலை, அதை மாமியாரிடம் சொல்வது மூன்றாவது வேலை. சொல்லக்கூட வேண்டாம், நான் ஒதுங்கி உட்கார்ந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் அம்மனுக்கு நடந்து போனேன். வியாழக்கிழமை தர்காவில் மயில் தோகையால் தலையில் தட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா ஓதின தண்ணீர் வாங்கி வந்து தருவாள், குடித்தேன். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். மலைவேம்புச் சாறு தலைக்குக் குளித்த மறுநாள் வெறும் வயிற்றில். அந்தக் கசப்பு இன்னும் என் நாக்கின் அடியில் எங்கேயோ இருக்கிறது. எல்லாச் சாமிக்கும் என்னைத் தெரியும், ஒரு சாமிக்கும் நேரம் இல்லை.

வளைகாப்பு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள், பாத்திரம் தேய்க்க. வளையல் அடுக்க மற்றவர்கள். அதில் எனக்குக் கோபம் இருந்ததா என்று பேத்தி கேட்கிறாள். கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டாமா? பாத்திரம் தேய்ப்பது எனக்குப் பிடித்த வேலை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

மாமியார் கெட்டவள் இல்லை. அவளுக்கு ஒரே பிள்ளை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகனை எதிரில் உட்கார வைத்துப் பேசினாள். நான் அடுப்படியில்தான் இருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள்.

"த பாருடா நைனா, ஆம்பள ரெண்டு கட்டக் கூடாதுன்னு சட்டம் வரப் போவுதாம். மார்க்கெட்ல பேசிக்கினு கீறாங்கோ. அது வர்றதுக்குள்ள எங்கண்ணன் பொண்ண கட்டிக்கோ. இவளும் இருக்கட்டும். நான் இன்னா இவள தொரத்தியா வுடப் போறேன்?"

அவளுடைய அண்ணன் மீஞ்சூரில் இருந்தார். அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். நல்ல பெண், என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு மடியில் தலை வைத்துப் படுக்கும். அதுதான் இன்னும் கஷ்டம். யாரோ ஒருத்தி என்றால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, தை வரைக்கும் பொறும்மா, டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். தை என்று ஒரு கெடு விழுந்தது.

டாக்டரம்மா கதையைச் சொல்லவில்லையே. பட்டணத்தில் இருந்த பொம்பளைகள் ஆஸ்பத்திரிக்குத்தான் அப்போது போய்க்கொண்டிருந்தேன். ரெண்டு டிராம் மாற வேண்டும். விடிவதற்குள் கிளம்பினால்தான் பெஞ்சில் இடம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் தரை. தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, எதிரே இருக்கிற வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களை மாதிரி இல்லாதவர்களையும் நிறைமாதக்காரிகளையும் ஒரே தாழ்வாரத்தில்தான் உட்கார வைப்பார்கள். ஒருத்தி, எனக்கு எட்டாவது, போதும் போதும் என்று ஆகிவிட்டது, நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷி. அதட்டிப் பேச மாட்டாள். அவளும் களைத்துத்தான் இருப்பாள், என்னைவிட. முதலில் மாத்திரை கொடுத்தாள். அப்புறம் ஊசி. அப்புறம் மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டினார்கள். சுரண்டினால் சீக்கிரம் தங்கும் என்று தாழ்வாரத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தங்கவில்லை. இடுப்பு வலிதான் தங்கியது. மறுபடி போனபோது, இனிமேல் உன்னைத் தொட மாட்டேன், உன் வீட்டுக்காரரைப் பரிசோதிக்காமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரைக்கும் ஆம்பளைக்கும் இதில் பரிசோதனை உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

எப்படி என்று அவள் விளக்கிச் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஆயா ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள், கார்க் போட்டது. வீட்டிலேயே எடுத்து வரலாம், ஆனால் புதிதாக வர வேண்டும், வழியில் கெட்டுப்போகக் கூடாது, அதுதான் முக்கியம் என்று டாக்டரம்மா திருப்பித் திருப்பிச் சொன்னாள். நானும் அதையே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

இவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். சொன்னபோது அவர் காது சிவந்துபோனது. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், கெட்டுப்போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? ஆமாம் என்றேன். அங்கேதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. மற்றதெல்லாம் வெட்கம், இது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

"அத்த வுடு, அது என் பொறுப்பு. ஊர் பூரா மீனு கெடாம நான் கட்டி அனுப்பறேன். இது இன்னா, இத்தினியூண்டு பாட்டில்."

அந்தப் பொட்டலத்தை அவர் கட்டினாரே, அப்படி ஒரு பொட்டலம் நான் பார்த்ததில்லை. மாமியார் கரைக்குப் போன பிறகு, விடியற்காலையில். பாட்டிலை ஒரு சுத்தமான துணியில் சுற்றினார். பெரிய பிஸ்கோத்து டப்பா ஒன்றில் அடியில் மரத்தூள், மேலே பொடித்த சில்லு, நடுவில் பாட்டில், மறுபடி சில்லு. உப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி ரெண்டு கை தூவினார். உப்புப் போட்டால் ஐஸே ஐஸைவிடக் குளிர்ந்துவிடும் என்று எனக்கு விளக்கம் வேறு. மேலே ஈரக் கோணி, சணல் கயிறு, அவருடைய தனி முடிச்சு. தூக்கிப் பார்த்துவிட்டு, கல்கத்தாவுக்குப் போனாலும் அப்படியே இருக்கும் என்றார். நானும் பெருமையாகத்தான் நின்றேன். என் புருஷன் கைதேர்ந்த ஆள்.

டிராமில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடியில் நீர் சொட்டி வேட்டி நனைந்தது. மீனா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆமாம், வஞ்சிரம் என்றார் இவர். என்ன விலை என்று அந்த ஆள் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். இப்போது சொல்லும்போதும் சிரிப்பு வருகிறது, பேத்தி எழுதாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். ஆம்பளைகளுக்கு உள்ளே இடம் கிடையாது, எல்லாப் புருஷன்மாரும் அந்த மரத்தடியில்தான். அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து, பாட்டிலைத் துடைத்து, ஈரம் இல்லாமல் என் கையில் கொடுத்தார். அது என் விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரிக் குளிர்ந்திருந்தது. நான் முந்தானையில் மறைத்து உள்ளே கொண்டுபோய் ஆயாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு தட்டில் வைத்தாள், அந்தத் தட்டு எங்கேயோ போனது. மரத்தடியில் மோர் விற்கிறவன், மீந்த சில்லை வீணாக்காதே என்று இவரிடம் கேட்டு வாங்கித் தன் பானையில் போட்டுக்கொண்டானாம். பாட்டில் மூடித்தான் இருந்தது, மேலே துணியும் சுற்றியிருந்தது. இருந்தாலும் அன்றைக்கு அங்கே மோர் குடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பதில் சொல்கிற நாளில் டாக்டரம்மா இவரையும் உள்ளே வரச் சொன்னாள். அவர் கதவை ஒட்டி நின்றார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை, இன்னொரு தடவை கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்று அவள் என்னிடம் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்கவில்லை.

"உயிர் இல்லீங்களா?" என்றார்.

"இதிலே இல்லை. அதனாலேதான் இன்னொரு தடவை..."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். டிராமில் அவர் கை மடியில் சும்மா கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்தக் குளிர் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் மாமியாரின் அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார், மீஞ்சூரிலிருந்து. தையில் முடித்துவிடலாமா என்று கேட்க வந்திருக்கிறார். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, தாயைப் பார்த்துச் சொன்னார்.

"யம்மா, கோளாறு எங்கிட்ட கீது. அவகிட்ட ஒண்ணியும் இல்ல. மாமன் பொண்ண இட்டாந்து அத்தயும் இவ மாதிரி குந்த வெக்கப் போறியா?"

 மாமா மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமியார் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு மூச்சு போனதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அதற்கு அப்புறம் மாமியார் மாறினாள் பாருங்கள், நம்பவே முடியாது. எல்லாப் பழியையும் ஐஸ் கம்பெனி மேல் போட்டுவிட்டாள். அந்தக் குளிரில் நின்று நின்றுதான் பிள்ளையின் உயிர்ச்சூடு போய்விட்டது என்று தெருவில் ஒவ்வொருத்தியிடமும் விளக்கினாள். அவருக்குப் பூண்டு, மிளகு, நாட்டுக்கோழி முட்டை என்று சூடாகச் சமைத்துப் போட்டாள். எனக்குக் கூடையிலிருந்து நல்ல மீன் எடுத்து வைத்தாள். அதுவரைக்கும் சங்கரா மீனின் தலை மகன் தட்டுக்குத்தான் போகும். இப்போது என் தட்டுக்கு வந்தது. நான் வேண்டாம் என்றால், தின்னுடி பொண்ணே, எங்கூட்டுப் பையன கட்டிகினு இன்னாத்த கண்டே என்பாள். வளைகாப்பு வீட்டில் என்னைப் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டவளை, கூடையைத் தூக்கி அடிக்கப் போனாள்.

எனக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது. அவருக்குத்தான் ஆகவில்லை. கம்பெனியில் தெரிந்துபோனது, எப்படித் தெரிந்ததோ. மாமியாரின் வாய்தான், வேறென்ன? கூட வேலை செய்கிறவர்கள் நேராக ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் யாருக்காவது பிள்ளை பிறந்தால் சர்க்கரையை இவருக்குக் கடைசியாக நீட்டினார்களாம். எனக்கு அது தெரியும், அந்தக் கடைசிச் சர்க்கரை. வந்து என் கழுத்தில் கை வைப்பதை விட்டுவிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கரைப்பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் கூப்பிட்டால் வருவார். சொன்னதைச் செய்வார். ஆள் மட்டும் இல்லை. சட்டமும் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லாமல் ஒரு நாள் டாக்டரம்மாவிடம் போனேன். எனக்காக இல்லை, ஆம்பளைக்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்கத்தான். அவளுக்கு என்னை ஞாபகம் இருந்தது. அன்றைக்கே இன்னொரு தடவை கேட்டேனே, ஏன் வரவில்லை என்று கடிந்துகொண்டாள். அப்புறம், எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்தீர்கள், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள்.

அதில் எங்களிடம் ஒரு குற்றமும் சொல்ல முடியாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். டப்பா, மரத்தூள், சில்லு, உப்பு, கோணி, முடிச்சு, ஒன்று விடாமல்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மீன் இல்லைம்மா. உயிரோட இருக்கிறது. ஐஸிலே வெச்சா செத்துப்போயிடும். உடம்புச் சூட்டிலே வரணும். உன் இடுப்பிலே சொருகிக்கிட்டு வா."

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "நான் கட்டனதாலயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உப்பு வேற போட்டேன்," என்றார். அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் பல்லைப் பார்த்தேன்.

இந்தத் தடவை பாட்டில் என் இடுப்புச் சேலைக் கொசுவத்துக்குள் போனது. டிராம் குலுங்கும்போதெல்லாம் கையால் அழுத்திக்கொண்டேன். பதில் வந்தது: எல்லாம் உயிரோடு இருக்கிறது, நன்றாக இருக்கிறது, இவரிடம் ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் என்னிடம்தான் என்று சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை.

என்னைப் படுக்க வைத்துக் காற்று அடித்துப் பார்த்தார்கள். சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரிதான், வயிற்றுக்குள். கர்ப்பப்பையிலிருந்து ரெண்டு குழாய் போகிறதாம், அது திறந்திருந்தால் காற்று உள்ளே ஏறி, எழுந்து உட்காரும்போது தோள்பட்டை வலிக்கும். வலித்தால் நல்லது. தாழ்வாரத்தில் அதுதான் பேச்சு. எனக்கு வலிக்கிறது, எனக்கு ரெண்டு தோளும் வலிக்கிறது என்று பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா கேட்டாள், தோள் வலிக்கிறதா? நான் காத்திருந்தேன். தோளை அசைத்துப் பார்த்தேன். வயிறு வலித்தது, இடுப்பு வலித்தது, தோள் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி சும்மா இருந்தது. லேசாக வலிக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அவள் என் முதுகைத் தடவினாள். இன்னொரு மாதம் மறுபடி அடித்துப் பார்த்தார்கள். ரெண்டு குழாயும் அடைத்திருக்கிறது, இதற்குத் திறக்கிற வைத்தியம் இப்போது என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டாள். பொய் நம்பிக்கை கொடுக்காமல் அனுப்பினாளே, அதற்காக அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் இந்த டிராம் ஏற வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது.

வேப்பமரத்தடியில் அவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மோர் வாங்கிக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னேன், சொல்லிவிட வேண்டும் என்று வரும்போதே நினைத்திருந்தேன்.

"என்கிட்டதான்யா கீது. தெறக்காதாம். நீ போயி அத்தைகிட்ட சொல்லிடு. மீஞ்சூர்க்காரிக்கு இன்னும் கல்யாணம் ஆவல. சட்டம் கிட்டம்லாம் நம்ம சந்துக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா? நான் ஒரு மூலையில இருந்துக்கறேன்."

அவர் தன் மோரை மெதுவாகக் குடித்தார். குவளையைத் திருப்பிக் கொடுத்தார். மோர்க்காரனிடம், ஐஸ் போடாத மோர் ஒரு மோரா என்று வம்பிழுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மாகிட்ட ஒரு தபா சொல்லியாச்சு. அத்த மாத்திகினு திரிய எனக்கு நேரமில்ல. கோளாறு எங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு பழகிப்போச்சு."

"உனக்கு இன்னாத்துக்குய்யா அந்தப் பேரு?"

"பொய்யின்னு எனக்குத் தெரியும்ல. தெரியாம சொமந்தப்பதான் கனம். வாமே, டிராம் வருது."

டிராமில் அவர் கை என் கை மேல் இருந்தது. ஜில்லென்று.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள். டாக்டரம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள், கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. முன்பு சொன்னதுதான் என்று இவர் சொல்லிவிட்டு, கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். போகும்போது சீழ்க்கை அடித்துக்கொண்டு போனார். பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று மாமியார் என்னைப் பார்த்தாள்.

மீஞ்சூர்ப் பெண்ணுக்கு எண்ணூர்ப் பக்கம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு உடம்பு தேறவில்லை. கைக்குழந்தையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன், கொஞ்ச நாளைக்கு என்றுதான். அவள் தேறி வந்து கேட்டபோது குழந்தை என் முந்தானையை விடவில்லை. அவளும் ரொம்ப இழுக்கவில்லை. அந்தக் குழந்தைதான் இதை எழுதுகிறவளுக்கு அம்மா. அவளுக்கு ரெண்டு அம்மா வீடு இருந்தது, ரெண்டு வீட்டிலும் அடி வாங்கினாள்.

அந்தக் குழந்தை தவழ ஆரம்பித்த சமயம். ஒரு மத்தியானம் மாமியார் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் கையில் மீன் வாசனை போகவே போகாது, எண்ணெயோடு சேர்ந்து வரும். இவர் எதிரில் உட்கார்ந்து கொக்கிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். சீப்பு பாதியில் நின்றது. மாமியார் மகனுக்குக் கேட்கக் கூடாது என்று தணிந்த குரலில் பேசினாள். அவள் தணிந்து பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"உன் வயித்துல ஒண்ணு பொறந்திருக்கும் பொண்ணே. எம் புள்ளயால போச்சு. மனசுல வெச்சுக்காதே."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையை மட்டும் லேசாக, வேண்டாம் என்று அசைத்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வேறு.

"பரவால்ல அத்தே," என்றேன். "நீ வாரு."

அவள் சிக்கெடுத்து வாரினாள். தலை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பின்னிவிட்டாள். அன்றைக்கும் மீன் தலை என் தட்டில்தான் விழுந்தது. நான் அதைப் பிட்டு, பாதியை அவர் தட்டில் வைத்தேன்.